களை எடுக்காத பாதிக் காடு

என் அன்பான நாச்சிமுத்து மாமாவுக்கு,

உங்கள் மானாவாரிக் காட்டில், வேலி ஓரத்து வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தலைக்கு மேல் கிளையில் நம்முடைய கயிறு இன்னும் தொங்குகிறது. பனியன் துணி வெட்டியது போக மிஞ்சுகிற ஓரங்களை முறுக்கி நான் கொண்டு வந்த கயிறு. வெயிலில் வெளுத்துவிட்டது. நடுவில் ஓரிடத்தில் அணில் கடித்துக் குதறி வைத்திருக்கிறது. "பனியன் கயித்துல முள்ளு இழுக்கறதாங்க மாப்ள? நம்மளைப் பாத்து ஊரே சிரிக்கப் போகுதுங்க" என்றீர்களே, அதே கயிறுதான்.

நீங்கள் போய் ஒரு வருசம் தாண்டிவிட்டது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, உங்களுக்கே தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மனசில் ஒரு தப்பான எண்ணத்தை வைத்துக்கொண்டே நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அது தப்பு என்று தெரிந்த பிறகு, அதைச் சொல்ல வேண்டிய ஆள் இல்லாமல் நான் திண்டாடுகிறேன். நாலு பேர் இதைப் படித்தாலும் படிக்கட்டும், நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது? எடுத்த எடுப்பில் விசயத்தைச் சொன்னால் மீதியைக் கேட்காமல் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவீர்கள். அதனால் முதலிலிருந்தே வருகிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

நம் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. வேலம்பாளையத்தில் என் பனியன் வேஸ்ட் குடோன் வாசலில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கூடையோடு வந்து நின்றீர்கள். அவிநாசிபாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்த வேர்வை சட்டையெல்லாம். கூடைக்குள் கௌதாரிகள், மேலே ஈரத்துணி. அதில் ஒன்று வழியிலேயே செத்திருந்தது. உயிரோடு இருந்தால்தான் வாங்குவேன், அறுப்பது எங்கள் மார்க்க முறைப்படி என்று நான் சொல்ல, "இன்னும் சூடு கூட ஆறலீங்க, கையை வெச்சுத்தான் பாருங்களேன்" என்று நீங்கள் மல்லுக்கு நின்றீர்கள். நான் தெற்கத்திக்காரன், எங்கள் பக்கம் சண்டை என்றால் மரியாதை முதலில் போய்விடும். ஒரு வார்த்தைக்கு ஒரு "ங்க" போட்டுக்கொண்டு இவ்வளவு பிடிவாதமாகச் சண்டை போட முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியில் செத்ததை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், உயிருள்ளதை நான் வாங்கிக்கொண்டேன், இரண்டு பேரும் என் வீட்டில் தேநீர் குடித்தோம். எத்தனை வெள்ளிக்கிழமை அதற்குப் பிறகு! எப்போது நீங்கள் மாமா ஆனீர்கள், நான் மாப்பிள்ளை ஆனேன், உங்கள் வீட்டம்மா வள்ளியாத்தா எனக்கு அக்கா ஆனார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

ராசாவைப் பற்றிச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது. குஞ்சாக எடுத்து நீங்கள் கையில் வளர்த்த ஆண் கௌதாரி. விடிகிற நேரத்தில் அவனைக் கூண்டோடு புதர் ஓரம் வைத்து, சுற்றிலும் கண்ணி கட்டிவிட்டு, நீங்கள் மறைவில் உட்கார்ந்துவிடுவீர்கள். ராசா கத்துவான். அந்த இடத்துக்குச் சொந்தக்காரனான காட்டுக் கௌதாரி, எவன்டா என் எல்லைக்குள் வந்து கத்துகிறவன் என்று பதில் குரல் கொடுத்துக்கொண்டு சண்டைக்கு ஓடி வரும். கால் கண்ணியில் விழும். கறியைத் தின்றவன் நான், எனக்கு அதில் குறை சொல்ல யோக்கியதை இல்லை.

ஒரு நாள் நானும் கூட வருகிறேன் என்று உங்கள் வீட்டில் முந்தின நாளே வந்து படுத்துக்கொண்டேன். விடியற்காலையில் ஓடை ஓரம் கூண்டை வைத்தீர்கள். ராசா கத்தினான். பதில் இல்லை. மறுபடி கத்தினான். வெளிச்சம் வந்தது, வெயில் ஏறியது, அவனும் விடாமல் கத்திக்கொண்டே இருந்தான். ஓடைக்கு அக்கரையிலிருந்தோ இக்கரையிலிருந்தோ ஒரு குரல் எழும்பவில்லை. எனக்கு ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது. அப்புறம் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"இந்தக் காட்டுல இவன் ஒருத்தந்தான் பாக்கி போலீங்க மாப்ள" என்றீர்கள்.

கூண்டைத் திறந்துவிட்டீர்கள். ராசா வெளியே வந்தான், புழுதியில் கொஞ்சம் புரண்டான், சுற்றுமுற்றும் பார்த்தான், திரும்பவும் நடந்து கூண்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டான். அவனுக்கும் போக இடம் தெரியவில்லை. நீங்கள் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுருட்டினீர்கள். அன்றிலிருந்து கூடை என் வாசலுக்கு வரவில்லை, நீங்கள் மட்டும்தான் வந்தீர்கள்.

நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். எல்லோரும்தான் பிடித்தார்கள், பருத்திக்கு எல்லோரும்தான் மருந்து அடிக்கிறார்கள், புல்லுக் காட்டையெல்லாம் உழுது தள்ளிவிட்டார்கள், நீங்கள் ஒருத்தர் என்ன செய்வீர்கள் என்றேன். "அடுத்தவங்க புடிச்ச கணக்கு எனக்குத் தெரியாதுங்க. நான் புடிச்சது எனக்குத் தெரியுமில்லீங்களா?" என்றீர்கள்.

அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான் இந்தக் கிழக்கு மூலைக் காடு. கௌதாரிக்கென்று ஒரு வெள்ளாமை! அக்கா முதலில் நம்பவே இல்லை. கிணறு வற்றி, எருதுகளை விற்று, ஏரைச் சாய்த்து வைத்திருக்கிற மனிதர், பறவைக்கு விதைக்கப் போகிறேன் என்றால் யார்தான் நம்புவார்கள்? பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன் அப்போதுதான் டிராக்டர் வாங்கியிருந்தார். நல்ல மனிதர், மனசோடுதான் சொன்னார்: "காசெல்லாம் வேண்டாமுங்க மாமா. சித்த நேரம் ஓட்டுனா ஆச்சு, பொடி மண்ணாக்கிக் குடுத்தர்றேன்."

நீங்கள் மறுத்துவிட்டீர்கள். எனக்கு எரிச்சல். சும்மா வருகிற டிராக்டரை வேண்டாமென்பதற்குப் பெயர் வைராக்கியமா, வீம்பா என்று கேட்டேன். "ஒரு சாண் மண்ணுதானுங்க இருக்குது, அதுக்கும் கீழ சுக்கான் கல்லு. அந்தக் கலப்பை ஒருக்காப் போச்சுன்னா கல்லு மேல வந்துரும், மண்ணு கீழ போயிரும். கொழுக்கட்டைப் புல்லு வேரோட செத்துரும். அப்பறம் பறவை எங்கீங்க குந்தும்?" என்றீர்கள்.

இடம் பார்க்கவே உங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. ஓடையும் பக்கத்தில் இருக்க வேண்டும், கிளுவை வேலியும் ஒட்டியிருக்க வேண்டும், பருந்து கண்ணில் படாமல் ஓடி ஒளியத் தோதாக இருக்க வேண்டும் என்று அளந்து அளந்து நடந்தீர்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கிற மாதிரி பார்க்கிறீர்களே என்று கேலி செய்தேன். "அதை விடக் கஷ்டமுங்க, இதுக வாயத் தொறந்து சொல்லாதுங்களே" என்றீர்கள்.

உழவுக்குப் பதிலாகப் பட்டி போட்டீர்கள். மாரப்பண்ணனின் செம்மறிகளை வரவழைத்து, மூங்கில் படல்களைச் சுற்றி நிறுத்தி உள்ளே அடைத்து, இரண்டு நாளைக்கு ஒரு தடவை படலை நகர்த்தி நகர்த்திக் கிழக்கு மூலை முழுக்க ஆடு மிதித்தது. புல்லை ஒட்ட மேய்ந்து, புழுக்கை போட்டு, குளம்பால் கொத்தி, மேல் மண்ணைக் கிளறிக் கொடுத்துவிட்டுப் போயின. ஒரு புல் வேர் சாகவில்லை. ஆடி மழை இறங்கியதும் சோளம், கம்பு, கொள்ளு, நரிப்பயறு, கொஞ்சம் எள் எல்லாவற்றையும் மணலோடு கலந்து கை வீச்சில் விதைத்தீர்கள். "இப்படிக் கலந்தடிச்சு வெதைச்சா எப்படீங்க அறுக்கறது?" என்று அக்கா வரப்பிலிருந்து கேட்டார். "அறுக்கறதுக்கு இல்ல புள்ள" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னீர்கள்.

அப்புறம் முள். வேலமுள் கிளைகளைக் கட்டாகக் கட்டி, மேலே ஒரு கல்லை வைத்து, என் பனியன் கயிற்றை மாட்டி, நீங்கள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் இழுத்தோம். விதைமேல் மண் மூட அதுவே போதும் என்றீர்கள். என் தொப்பைக்கு அந்த வேலை புதிது. பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். சென்னியப்பன் டிராக்டர்மேல் உட்கார்ந்தபடி, "எருதுக ரெண்டும் எந்தச் சந்தையில புடிச்சதுங்க மாமா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்த சிரிப்பு, மாமா! கண்ணி சுருட்டிய நாளுக்குப் பிறகு நீங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

விதைத்தது முளைத்தது. அதற்கு மேல் நடந்ததுதான் நமக்குப் புரியாமல் போனது.

உங்களால் ஒரு களையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அது உங்கள் இரத்தத்தில் இருப்பது. கோரை தலை காட்டினால் போதும், களைக்கொத்தோடு இறங்கிவிடுவீர்கள். அக்காவும் சேர்ந்துகொண்டார். சோளத் தாளின் அடியில் ஒரு புல் இல்லை, பயிருக்கும் பயிருக்கும் நடுவே பெருக்கி வைத்த வாசலைப் போல மண் தெரிந்தது. பாம்பு அடையும் என்று வேலியைக் கத்தரித்தீர்கள், அடியில் கிடந்த முள்ளுக் குப்பையை அள்ளிக் கொளுத்தினீர்கள். போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்து, "நாச்சிமுத்து காடுன்னா காடுதாங்க" என்றார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

கதிர் முற்றியது. கிளி வந்தது, மைனா வந்தது, ஊர்க்குருவி கூட்டமாக வந்தது. கௌதாரி வரவில்லை. அடுத்த வருசமும் அதே பட்டி, அதே விதை, அதே முள். அதை விடச் சுத்தமாகக் களை எடுத்தீர்கள். அப்போதும் வரவில்லை.

அந்தக் கார்த்திகையில் ஒரு காலை, ராசாவின் கூண்டைக் கொண்டுவந்து இந்த வரப்பில் வைத்தீர்கள். இந்தத் தடவை கண்ணி கிடையாது. கூப்பிடட்டும், வந்து தின்றுவிட்டுப் போகட்டும் என்று. ராசா கத்தினான். ஓடைக்கு அப்பால் எங்கேயோ தூரத்தில் ஒன்று கேட்ட மாதிரி இருந்தது. நீங்கள் கையை உயர்த்தி என்னைப் பேச வேண்டாமென்று காட்டினீர்கள். ராசா திரும்பக் கத்தினான். அந்தக் குரல் பக்கத்தில் வரவே இல்லை. கடைசியில் அடங்கியும் போனது.

"இருக்குதுங்க மாப்ள. ஆனா வராது. எம்மேல இருக்கற கோவம் அதுகளுக்கு இன்னும் தீரலீங்க" என்றீர்கள்.

கூண்டைத் தூக்கிக்கொண்டு நீங்கள் முன்னால் நடந்தீர்கள். நான் பின்னால் வந்தேன். பறவைக்கு அவ்வளவு ஞாபகம் ஏது என்று சொல்ல வாய் வரை வந்தது, உங்கள் முதுகைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மார்கழியில் நெஞ்சுச் சளி என்று படுத்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தும் எழவில்லை. நான் வரும்போதெல்லாம் முதல் கேள்வி, "ஏதாச்சும் வந்துச்சுங்களா?" நானும் காட்டுப் பக்கம் நடந்துவிட்டு வந்து, இன்னும் இல்லை மாமா என்பேன். மாசியில் ஒரு நாள் அந்தக் கேள்வியும் நின்றுபோனது. வந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ? வியாபாரத்தில் எத்தனை பொய் சொல்கிறவன் நான். உங்களிடம் மட்டும் ஏன் வராமல் போயிற்று?

உங்களைக் கொண்டுபோன அன்று அக்கா அழவில்லை. வந்தவர்களுக்கு மோர் கொடுத்தார், ராசாவுக்குத் தண்ணீர் வைத்தார், வாசலைக் கழுவினார். அதற்குப் பிறகு இந்தக் கிழக்கு மூலைக்கு அவர் வரவே இல்லை. நானும் வரவில்லை. மூலையில் நின்ற கதிரை யாரும் அறுக்கவில்லை. அது சாய்ந்து, கொட்டி, சித்திரை மழைக்குத் தானாக முளைத்தது. அதோடு கோரை, குப்பைமேனி, நெருஞ்சி, தும்பை எல்லாம் சேர்ந்து எழுந்து, வேலியும் இஷ்டத்துக்குக் கிளை விட்டு, காடு இடுப்பளவு புதராகிவிட்டது.

இனிமேல் சொல்லப் போவதுதான் விசயம், மாமா.

இந்த மாசியில் உங்கள் தலைத்திவசம் வந்தது. அதற்கு முந்தின வாரம் சாமான் கொண்டுவந்து கொடுக்க நான் போனேன். வீட்டில் அக்கா இல்லை. காட்டில் களைக்கொத்துச் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால், தன்னந்தனியாகக் குனிந்து காய்ந்த புதரை வெட்டிக்கொண்டிருக்கிறார். ஓடைப் பக்கத்துப் பாதி ஏற்கெனவே சுத்தமாகிவிட்டது.

"ஒறம்பரை சனமெல்லாம் வருவாங்க தம்பி. இது ஆரு காடுன்னு கேக்கற மாதிரி கெடக்குதே. அவரு இருந்த வரைக்கும் இதுல ஒரு கோரை நின்னதுண்டா? சாமி கும்புட வர்றவங்க முன்னாடி அவரு மானம் போகோணுங்களா?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றேன். "எங்கையாலதான் செய்யோணும்" என்றார். நான் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, வெட்டியதை அள்ளி ஓரம் போட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அக்காவின் காலடியிலிருந்து படபடவென்று ஒரு பறவை எழுந்து வேலிக்குள் பாய்ந்தது. அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

வெட்டின புல் மூட்டின் அடியில் ஒரு சின்னப் பள்ளம். அதில் கொஞ்சம் காய்ந்த புல். அதன்மேல் முட்டைகள், பழுப்பேறிய வெள்ளையில். கௌதாரி முட்டை, மாமா.

அக்கா மெல்லத் திரும்பி, வெட்டாமல் நின்ற பாதிக்குள் புதரை விலக்கிக்கொண்டு போனார். உள்ளே சோளத் தட்டையின் அடியில் புழுதியில் குளித்த குழிகள், கால் தடங்கள், எச்சம். கொட்டிய தானியத்தைக் கிளறிக் கிளறித் தின்ற அடையாளம். திரும்பி வந்து, வெட்டிச் சுத்தம் செய்திருந்த பாதியைப் பார்த்தார். அங்கே வெறும் மண். மேலே பருந்து ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"ஏந்தம்பி," என்றார். "நாம சுத்தமா வெச்சிருந்ததுனாலதான் வரலீங்களா?"

தானியத்தை நடுக்காட்டில் வைத்துவிட்டு, ஒளிந்துகொள்ள ஒரு புல்லையும் விடாமல் பிடுங்கி எறிந்தோம். கௌதாரி தரையில் நடக்கிற ஜீவன், தலைக்குமேல் மறைப்பில்லாத இடத்துக்கு அது எப்படி வரும்? இடம் தேடும்போது பருந்தைப் பற்றி அவ்வளவு யோசித்தீர்கள், களைக்கொத்து கையில் ஏறியதும் நீங்களும் மறந்துவிட்டீர்கள். ஊர் வேண்டாமென்று தள்ளுகிற வேஸ்டை வாங்கிப் பிழைக்கிறவன் நான், எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? உங்கள்மேல் அதற்குக் கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீங்கள் காட்டில் பாடுபடுகிற சம்சாரியாகப் பிறந்த குற்றம்தான், வேறொன்றும் இல்லை.

அக்கா அப்போது செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓரத்தில் நான் குவித்திருந்த களையை இரண்டு கையாலும் வாரினார். தலையில் சுமந்து திரும்பக் காட்டுக்குள் கொண்டுவந்தார். அந்தக் குழியைச் சுற்றி ஒவ்வொரு செடியாக மண்ணில் நட்டு, மேலே புல்லைப் பரப்பி, பழையபடி மூடினார். வாழ்நாளெல்லாம் களையைக் காட்டை விட்டு வெளியே சுமந்த பொம்பளை, அன்றைக்குக் களையைக் காட்டுக்குள் சுமந்தார். நட்டுக்கொண்டே அழுதார். நீங்கள் போன அன்று வராத அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது.

"அவரு கேட்டுக் கேட்டுக் கண்ணை மூடுனாருங்க தம்பி. வந்ததை நான் வெட்டி எறிஞ்சுட்டனே."

தாய் திரும்பி வரவில்லை, மாமா. மறுநாள் காலையில் அக்கா தூரத்திலிருந்து பார்த்தபோது காக்கைகள் அந்த முட்டைகளை எடுத்துவிட்டிருந்தன. இதை உங்களுக்கு எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் உங்களிடம் எனக்குப் பொய் வராது என்று மேலேயே சொல்லிவிட்டேனே.

திவசத்தன்று படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைக்க இலையோடு வெளியே வந்த அக்கா வாசலில் நின்றுவிட்டார். "அந்த முட்டையத் தின்னதுகளுக்கா நான் சோறு வெக்கோணும்?" என்றார். உறவுக்காரர்கள் பதறிப்போனார்கள். காக்கை வடிவில் நீங்கள்தான் வருவீர்கள் என்று ஒரு பெரியவர் எடுத்துச் சொல்ல, அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது: "எது வேணாலும் திங்கும், எங்க ஊட்டுக்காரரு கௌதாரி முட்டையத் திங்க மாட்டாருங்க!" அழுகிற வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். நீங்களும் எங்கிருந்தாவது சிரித்திருப்பீர்கள். அப்புறம் சோற்றை வைத்தார் என்பது வேறு. ஆனால் ஒரு பிடி கம்பை முந்தானையில் முடிந்து, முதலில் இந்தக் காட்டு ஓரத்தில் இறைத்துவிட்டுத்தான் வைத்தார்.

சாப்பிட்டு முடிந்து எல்லோரும் காட்டைப் பார்த்தார்கள். ஒரு பாதி சுத்தம், ஒரு பாதி புதர். முணுமுணுப்பு கிளம்பியது. சென்னியப்பன் பாவம், அக்காமேல் இரக்கப்பட்டு, "நான் டிராக்டர் கொண்டாந்து ஒரே ஓட்டா ஓட்டிப் போட்டர்றேனுங்க அத்தை. பாக்கறதுக்கு மனசு சங்கடமா இருக்குதுங்க" என்றார். அத்தனை பேர் முன்னால், மானம் என்று உயிரை விடுகிற அக்கா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

"வேண்டாமுங்க. அது அவரு பண்ணுன வெள்ளாமை. அப்படியேதான் கெடக்கோணும்" என்றார்.

அவ்வளவுதான். வாசலில் மல்லுக்கு நின்ற உங்கள் பிடிவாதம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தேன். அது அக்காவிடம்தான் இருந்திருக்கிறது.

இப்போது ஆனி மாதம். களை எடுக்காத பாதிக்குள் நாங்கள் கால் வைப்பதில்லை, வரப்போடு சரி. போன வாரம் அக்கா ஆள் அனுப்பி வரச்சொன்னார். வந்தால், ராசாவின் கூண்டைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவனுக்கு வயதாகிவிட்டது, ஒரு கண் மங்கல். விடிந்ததும் கூண்டை இங்கே, இதே வரப்பில், நீங்கள் வைத்த இடத்திலேயே வைத்தோம்.

ராசா கத்தினான். குரலில் பழைய பலம் இல்லை. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் இன்னொரு தடவை கத்தி முடிக்கவில்லை, புதருக்குள்ளிருந்து பதில் வந்தது. அடுத்து வேலிப் பக்கம் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தும்பைச் செடிகளை விலக்கிக்கொண்டு ஒருவன் வெளியே வந்தான். கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டை நோக்கி நேராக ஓடினான். கம்பியைக் கொத்தினான், சுற்றிச் சுற்றி வந்தான், கத்தினான், திரும்பக் கொத்தினான். இது என் காடு, நீ யாரடா என்று கேட்கிறான். ராசா மிரண்டு ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டான். வந்தவனுக்குப் பின்னால், புல்லின் ஓரத்தில், தாயும் சின்னச் சின்னக் குஞ்சுகளும்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோவத்தைப் பாருங்க தம்பி, ராசா மேல" என்றார்.

ஆமாம் மாமா. கோபம் எல்லாம் ராசா மேல்தான், தன் எல்லைக்குள் வந்து கத்தினான் என்று. உங்கள்மேல் இல்லை. நீங்கள் விதைத்ததைத் தின்று, நீங்கள் காட்டிய இடத்தில் குஞ்சு பொரித்து, உங்கள் காட்டையே தன் காடு என்று சண்டைக்கு நிற்கிறான். இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதினேன். இனியாவது அந்த எண்ணத்தை இறக்கி வையுங்கள்.

நாளைக்கு மாரப்பண்ணனின் பட்டி வருகிறது, சுத்தம் செய்த பாதிக்கு மட்டும். ஆடியில் அதில் விதைப்போம். அடுத்த வருசம் அது புதராக நிற்கும், மற்ற பாதியில் விதை விழும். என் உடம்பில் இழுக்கத் தெம்பு இருக்கிற வரைக்கும் முள்ளை நான் இழுப்பேன். அக்கா இன்னொரு பக்கம் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். புதுக் கயிறும் முறுக்கிக் கொண்டுவந்துவிட்டேன், பழையது கிளையிலேயே இருக்கட்டும். களைக்கொத்து மட்டும் இந்த மூலைக்கு வராது, மாமா. அது என் பொறுப்பு.

ராசாவை அக்கா மறுபடி கூண்டோடு வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். அவனுக்கு இங்கே இடமில்லை. இடம் நிறைந்துவிட்டது.

உங்கள் முள்ளை மறுபக்கம் இழுக்கிற,
உங்கள் மாப்பிள்ளை
காதர்